ஊரைத் திட்டும் உத்தியோகம்

"இந்த வீட்டை விட்டு நான் வெளியே போவதாக இருந்தால், அது பெட்டிக்குள் படுத்துக்கொண்டுதான்!"

காலையில் பான்கேக் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் இப்படி முழங்கினேன். நல்ல முழக்கம். பாகு புட்டி ஆடியது. என் மனைவி லாரூ மட்டும் ஆடவில்லை.

"உயரம் எனக்குத் தெரியும். அகலத்துக்குத்தான் மறுபடி அளவெடுக்கணும். பழைய அளவுக்குப் பெட்டி செஞ்சுட்டா மூடி சாத்தாது," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து என் முழக்கங்களுக்கெல்லாம் இதே கதிதான். பெரிதாகக் கிளம்பும். பான்கேக்கைத் தாண்டாது.

விவகாரம் இதுதான். வீட்டை விற்றுவிட்டு செயின்ட் ஜார்ஜ் நகரத்தில் குடியேற வேண்டும் என்கிறாள் லாரூ. அங்கே அவள் அக்கா வெர்னா இருக்கிறாள். வெர்னாவின் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு காலியாக இருக்கிறது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பால்கனியில் ஒரு நாற்காலி போட்டால் மனுஷன் உள்ளே நிற்க வேண்டும். புல் எவ்வளவு உயரம் வளரலாம் என்று குடியிருப்போர் சங்கம் சட்டம் போட்டிருக்கிறது. புல்லுக்கே சட்டம் என்றால் எனக்கு என்னவெல்லாம் போடுவார்கள்?

இருக்கிற வீடு லாரூவின் அப்பா தன் கையால் சிவப்புக் கல்லை அடுக்கிக் கட்டியது. பத்திரம் அவள் பெயரில். நான் இத்தனை வருஷமும் அதில் தங்கியிருக்கும் விருந்தாளி, அவ்வளவுதான். கையெழுத்துப் போடமாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. அதனால் நான் வேறு வழி வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் டோபி வெல்ஸ். யூட்டா மாநிலத்தின் தெற்குக் கோடி. ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெட்ரோல் பங்க். பங்க் வாசலில் ஒரு மர பெஞ்சு. ஊர் நிர்வாகம் நடப்பது அந்த பெஞ்சில்தான். வசந்தம் பிறந்தால் போதும், பள்ளத்தாக்கு பார்க்க வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிடுவார்கள். வரட்டும். பார்க்கட்டும். பெட்ரோல் போட்டுக்கொண்டு போகட்டும். ஆனால் அதில் சில பேர் பங்க் வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். "ஆஹா! இங்கேயே ஒரு வீடு வாங்கிட்டு இருந்துடலாம் போலிருக்கே!" ஆபத்து அங்கேதான். பக்கத்து ஊரில் இப்படித்தான் நாலு பேர் பெருமூச்சு விட்டார்கள். இப்போது அங்கே தீவனக் கடை இருந்த இடத்தில் யோகா வகுப்பு நடக்கிறது. மாட்டுக்கு வைக்கோல் வாங்க மலை தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

அதனால் எங்கள் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெளியாள் பெருமூச்சு விட்டால், ஊர்க்காரன் உடனே ஊரைத் திட்ட வேண்டும். எல்லோரும் திட்டுவார்கள். ஆனால் வயிற்றில் புளியைக் கரைக்கிற மாதிரி திட்டுவதற்கு ஒரு ஆள்தான் உண்டு. நான். சம்பளம் கிடையாது. பெருமூச்சுக்காரர் யாராவது வந்தால் பங்க் முதலாளியே, "டெல்வின், உனக்கு ஆள் வந்திருக்கு," என்று குரல் கொடுப்பார். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருப்பேன்.

"வீடா? தாராளமா வாங்குங்க. தண்ணி மட்டும்தான் கொஞ்சம் சுகமில்லை. மூணு வருஷம் குடிச்சா கிட்னில கல்லு. எடுத்து அடுக்கினா காம்பவுண்டு சுவரே கட்டலாம்."

"ஐயோ!"

"பாம்பு அது பாட்டுக்கு இருக்கும். நீங்க பாட்டுக்கு இருங்க. கக்கூஸ் மூடியை மட்டும் தட்டிட்டுத் தூக்குங்க. தட்டினதும் கொஞ்ச நேரம் விடுங்க. அதுக்கும் எழுந்து போக நேரம் வேணும்ல."

இதற்கு மேல் நான் பேச வேண்டியதில்லை. காரே பேசும். கிளம்புகிற சத்தம்.

லாரூ வீட்டை விற்பனைக்குப் போட்டதிலிருந்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். மூன்று பேரும் வீட்டுக்கு வருமுன் பங்க்கில் பெட்ரோல் போட்டார்கள். மூன்று பேரும் வீட்டுக்கு வரவேயில்லை. லாரூ புது மேஜைவிரிப்பு விரித்து, 'பை' என்கிற பழப் பலகாரம் சுட்டு வைத்துக் காத்திருப்பாள். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உள்ளே போய், "என்ன, வரலையா? சே! இந்தக் காலத்துல யார் பேச்சை நம்பறது?" என்று உச்சுக்கொட்டிவிட்டு அந்தப் பையையும் சாப்பிடுவேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை, பெட்டிக்கு அளவெடுத்து முடித்த பிறகு, லாரூ எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏய்யா டெல்வின், நான் ஒண்ணு சொல்றேன். கேப்பியா?"

"கேக்கலைன்னா விட்டுடுவியா?"

"நாளைக்கு ஒரு நாள். நீ வண்டி ஓட்டு. நான் கூட உக்காந்து வரேன். பள்ளத்தாக்கு ரோட்டுல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் போவோம். இந்த மண்ணுல இருக்கறதுக்கு ஒரே ஒரு காரணம், எனக்குப் பிடிக்கற மாதிரி காட்டு. நீ காட்டிட்டா வீடு விக்கற பேச்சை அதோட நான் எடுக்கமாட்டேன்."

"பந்தயமா?"

பந்தயம் கட்டுவது எங்கள் சர்ச் சபையில் தப்பு. அவள் முகம் சுளித்தாள். "பந்தயம் இல்லை. ஒப்பந்தம்."

"சத்தியமா எடுக்கமாட்டியே?"

"எடுக்கமாட்டேன்."

எனக்கு உள்ளே குதூகலம் தாங்கவில்லை. உலகத்தின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் ஜனங்கள் விமானம் பிடித்து வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற பள்ளத்தாக்கு! அதைக் காட்டி ஒரு பெண்டாட்டியை மயக்க முடியாதா?

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. நானே அதைப் பார்த்ததில்லை. ஊர்க்காரன் எவனாவது காட்சிமுனைக்குப் போவானா? அந்த ரோட்டில் ஆயிரம் தடவை போயிருக்கிறேன். மாடு ஏற்றிக்கொண்டு போனேன், வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தேன். இறங்கிப் பார்த்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். என் பழைய பிக்கப். பின்னால் ஐஸ் பெட்டி. அதில் ரொட்டி, கோழி, லாரூ பாகில் போட்டு வைத்த சர்க்கரைபாதாமிப் பழம், கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. அந்த ஜெல்லி இல்லாமல் எங்கள் பக்கத்தில் கல்யாணமும் நடக்காது, சாவும் நடக்காது.

முதல் காட்சிமுனைக்குப் போகிற திருப்பத்தையே நான் தவறவிட்டேன். மாட்டுத் தொட்டி ஒன்றில் போய் முட்டிக்கொண்டு நின்றோம். அந்த வழியாக வந்த ஒரு ஜெர்மன் சைக்கிள்காரரிடம் வழி கேட்டேன். அவர் சுத்தமாகச் சொல்லிவிட்டு, "நீங்க இந்த ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார்.

லாரூ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

காட்சிமுனையில் இறங்கினோம். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். அடேயப்பா! கீழே கண்ணுக்கெட்டிய தூரம் பாறை பிளந்து கிடக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, வெண்ணெய் நிறம், அதன் அடியில் ஆறு. நிஜமாகவே எனக்கு மூச்சு ஒரு நிமிஷம் நின்றது. இதை வைத்துக்கொண்டா நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்?

"எப்படி?" என்றேன்.

"பள்ளம்," என்றாள் லாரூ.

"பள்ளமா! எவ்வளவு பெரிசு பாரு!"

"பெரிய பள்ளம்."

பக்கத்தில் ஒரு வெள்ளை வாடகைக் கார் நின்றிருந்தது. எங்கள் வயசு தம்பதி. அவர் தலையில் புத்தம் புதுத் தொப்பி. அந்தம்மா கழுத்தில் கேமரா. நார்பர்ட், மார்னி என்று பெயர் சொன்னார்கள். மின்னசோட்டாவில் பனி அள்ளி அள்ளி அலுத்துப் போனவர்களாம். போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். என் கட்டைவிரலும் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மார்னி சுற்றிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஐயோ, பெருமூச்சு விட்டாள்.

"இங்கே வாழறவங்க குடுத்து வெச்சவங்க!"

பழக்கதோஷம். என் கை தானாகத் தொப்பிக்குப் போனது. வாய் தானாகத் திறந்தது. அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"என்னத்தைக் குடுத்து வெச்சாங்க? தண்ணி சுகமில்லைங்க. மூணு வருஷம் குடிச்சா கிட்னில கல்லு."

லாரூ! என் வசனம்! ஒரு எழுத்து மாறாமல்!

பெஞ்சில் பேசுவது இவள் காதுக்கு எப்படி வந்தது? என் கூட்டாளிகளில் எவனோ வீட்டில் போய் உளறியிருக்கிறான், அவன் பெண்டாட்டி இவளிடம் வந்து கொட்டியிருக்கிறாள். வேறென்ன? ஆனால் அதை யோசிக்க நேரமில்லை. இவள் ஊரைத் திட்டினால் நான் ஒப்பந்தத்தில் ஜெயிப்பது எப்படி?

"அவ சும்மா சொல்றா," என்று குறுக்கே பாய்ந்தேன். "எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி இருக்கே, தேன்! பாறைக்குள்ள இருந்து வர்ற ஊத்து. எங்க மாமனார் சாகற வரைக்கும் அதைத்தான் குடிச்சாரு. தொண்ணூத்து நாலு வயசு. அதுவும் கல்லுல சாகலை. குதிரையில இருந்து விழுந்து செத்தாரு."

"தொண்ணூத்து நாலு வயசுல குதிரையா!" என்றார் நார்பர்ட்.

"தண்ணி அப்படிங்க!"

லாரூ உதட்டைப் பிதுக்கிவிட்டு வண்டிக்குப் போனாள்.

அடுத்த காட்சிமுனை முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் அதலபாதாளம். எனக்கு ஸ்டியரிங்கில் கை வேர்த்து வழுக்கியது. லாரூ பின்னல் ஊசியும் கையுமாக வெர்னாவுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வந்தாள்.

"பாரேன் லாரூ! இந்தப் பக்கம் பாரு!"

"நீ அந்தப் பக்கம் பாக்காம ரோட்டைப் பாரு."

மேட்டு உச்சியில் வண்டியை நிறுத்தினால், அங்கேயும் அந்த வெள்ளைக் கார். எனக்கு ஆச்சரியமில்லை. ஒரே ரோடு, ஒரே மாதிரி நிறுத்தம். காலையில் எவனோடு கிளம்பினாலும் சாயங்காலம் வரை அவன் முகத்திலேதான் விழிக்க வேண்டும்.

"மறுபடியும் நீங்களா!" என்று மார்னி கையாட்டினாள். கல்தூண்களைக் காட்டி, "இதைத் தினம் பாத்துக்கிட்டு இருந்தா மனசுல ஒரு கவலை வருமா?" என்றாள்.

"கவலை எதுக்கு வரணும்? பாம்புதான் வருமே," என்றாள் லாரூ. "கக்கூஸ் மூடியைத் தட்டிட்டுத்தான் தூக்கணும்."

"லாரூ!"

"அப்புறம் தூசி. வெள்ளைத் துணி துவைச்சுக் காயப்போட்டா சாயந்தரம் சிவப்புத் துணியா எடுக்கலாம். சாயக் காசு மிச்சம்."

எனக்கு வந்ததே கோபம். என் ஊரை, என் எதிரிலேயே, வெளியாளிடம்! இந்த வேலையை நான் செய்தால் அது ஊர்ச் சேவை. இவள் செய்தால் துரோகம் இல்லையா?

"ஐயா, நான் சொல்றதைக் கேளுங்க," என்று நார்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் பொறந்ததுல இருந்து எங்க வீட்டுப் பக்கம் ஒரே ஒரு பாம்புதான் பாத்திருக்கேன். அதுவும் இவளைப் பாத்துட்டு ஓடிப்போச்சு."

"உண்மைதான்," என்றாள் லாரூ. "அதுக்கு அறிவு இருந்துச்சு. நீதான் நின்னுட்ட."

"தூசிங்கறா! எங்க வீட்டுக்குப் பின்னால செங்குத்தா ஒரு பாறை. அது காத்தை அப்படியே தடுத்துடும். முன்பக்கம் கிழக்கே பாத்த வராந்தா. சாயந்தரம் வெயில் போய் எதிர் மலையில விழும் பாருங்க, மலையே அடுப்புத் தணல் மாதிரி சிவந்துடும்."

"கிழக்குப் பாத்த வராந்தாவா?" என்றாள் மார்னி, நார்பர்ட்டைப் பார்த்து.

"மத்தியானமே நிழல் விழுந்துடும். மண்டை காயற வெயில்லகூட அங்க ஏசி வேண்டாம்."

நார்பர்ட் தலையாட்டினார். நல்ல மனுஷர், சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். இப்படிக் கேட்கிறவர் எனக்கு வீட்டில் கிடையாது.

மத்தியானம் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். காட்டன்வுட் மர நிழல். அவர்களும் வந்து சேர்ந்தார்கள். லாரூவே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து ஜெல்லி வைத்தாள். மார்னி பச்சைக்குள் கிடந்த கேரட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"இது காயா, பலகாரமா?"

"அது எங்களுக்கும் தெரியாதுங்க," என்றேன். "குடுத்தா சாப்பிடுவோம்."

லாரூ ஆரம்பித்தாள். "கடைக்குப் போகணும்னா ஒரு மணி நேரம். உப்பு தீந்துதுன்னா உப்பில்லாமத்தான் சாப்பிடணும். அக்கம்பக்கம் இருக்கே, நாம தும்மினா அவங்க வீட்டுல தும்மலுக்குக் காரணம் பேசுவாங்க."

இங்கேதான் எனக்கு நிஜமாகவே மனசு பொங்கிவிட்டது. விளையாட்டாகப் பேச முடியவில்லை.

"அப்படிச் சொல்லாத லாரூ. எனக்குக் குடல்வால் வெடிச்சுது, ஞாபகம் இருக்கா? நான் ஆஸ்பத்திரியில கிடக்கறேன், வயல்ல புல்லு வெட்டாம நிக்குது, மழை வரப்போகுது. தெருவே திரண்டு வந்து வெட்டிக் கட்டி அடுக்கிட்டுப் போச்சு. யார் யார் வந்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு முழுசாத் தெரியாது. ஒருத்தரும் சொல்லலை. இந்த மாதிரி ஜனம் செயின்ட் ஜார்ஜ்ல சுவத்துக்கு அந்தப் பக்கம் கிடைக்குமா?"

மார்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நார்பர்ட் தொண்டையைச் செருமினார். "கல் வீடுன்னு சொன்னாங்க... சொன்னீங்கல்ல? கூரை எப்படி?"

"கூரையா? போன வருஷம் நானே ஏறித் தகரம் மாத்தினேன். ஒரு சொட்டு ஒழுகட்டும், காதை அறுத்துக்கறேன்."

"செப்டிக் டேங்க்?"

"முதல் தரம். நானே தோண்டினது."

அவ்வளவு ஆர்வமாகக் கேட்கிற ஆளை எப்படிப் பாதியில் விடுவது? ஒரு குச்சியை எடுத்தேன். ஈர மணலில் வீட்டைப் படம் போட்டேன். இது வராந்தா. இது சமையலறை, ஜன்னலில் நின்றால் மலை தெரியும். இது கிணறு. இது நான் கல்யாணத்தன்று நட்ட சர்க்கரைபாதாமி மரம், இப்போது சாப்பிட்டீர்களே, இதன் பழம்தான். கொட்டகைக்குக் கதவு இரண்டு என்று குச்சியால் இரண்டு கோடு போட்டபோது மார்னி அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசிக் காட்சிமுனைக்குப் போனபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நார்பர்ட்டும் மார்னியும் தள்ளி ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டார்கள். பள்ளத்தாக்கு முழுக்க நிழல் ஏறி, உச்சிகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இவள் "இருட்டுற பள்ளம்" என்பாள்.

லாரூதான் பேசினாள்.

"அழகா இருக்கு டெல்வின்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன சொன்ன?"

"நானும் இங்கதான் பொறந்தேன். எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல அப்பா இங்கெல்லாம் கூட்டிட்டு வருவாரு. கல்யாணத்துக்கப்புறம் நீ ஒரு தடவை கூட்டிட்டு வருவேன்னு பாத்தேன். நீ பெஞ்சுல போய் உக்காந்த. விடிஞ்சா பெஞ்சு, பொழுது சாஞ்சா பெஞ்சு. அந்த மலை சிவக்கறதை நான் தனியா எத்தனை நாள் பாக்கறது? முழங்கால் வலிக்குதுன்னு சொல்றதுக்குக்கூட வீட்டுல ஆள் இல்லை. வெர்னா இருந்தா அவளாவது 'எனக்கும்தான்டி வலிக்குது'ன்னு சொல்லுவா."

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்னல் ஊசி குத்தியது. பரவாயில்லை என்று பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"நான் பெஞ்சை விட்டுடறேன் லாரூ."

"பெஞ்சு பக்கத்துல இருக்கற வரைக்கும் உன்னால முடியாது."

"முடியும். நாளையில இருந்து ரெண்டு பேரும் சேர்ந்து வராந்தாவுல உக்காந்து பாப்போம். இப்பச் சொல்லு. இது பிடிச்சிருக்கா, இல்லையா?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப ஒப்பந்தம்?"

"நிச்சயமா. இனிமே வீடு விக்கற பேச்சே எடுக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டு, சத்தியத்துக்கு அடையாளமாக என் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்தாள். அந்த முத்தத்தில் நான் சுதாரித்திருக்க வேண்டும். சும்மா கொடுக்கிறவள் இல்லை அவள்.

திரும்பும்போது வழியெல்லாம் சபைப் பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டே ஓட்டினேன். பங்க்கைக் கடக்கும்போது பெஞ்சில் இருந்தவர்களுக்கு வெற்றி வீரனைப் போலக் கையாட்டினேன்.

எங்களுக்கு முன்னால் கிளம்பிப்போன வெள்ளைக் கார் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தது.

"அடடே, வழி தவறி வந்துட்டாங்க போல," என்றேன்.

"எப்படித் தவறும்? வீட்டை நீயே படம் போட்டுக் காட்டினியே," என்றாள் லாரூ.

வராந்தாவில் நார்பர்ட் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மார்னி சர்க்கரைபாதாமி மரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். லாரூ உள்ளே போய்க் கிணற்றுத் தண்ணீர் இரண்டு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். நார்பர்ட் ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, "தேன்!" என்றார்.

"உக்காரு டெல்வின்," என்றாள் லாரூ. "இவங்கதான் வீட்டை வாங்கறாங்க."

"வீடு விக்கற பேச்சை எடுக்கமாட்டேன்னியே!"

"எடுக்கலையே. வித்தாச்சு. இனிமே அதைப் பத்திப் பேச என்ன இருக்கு?"

"இவங்களை உனக்கு முன்னமே தெரியுமா?"

"போன்ல தெரியும். மூணாவதா வர்றதா இருந்தவரு ஊருக்குத் திரும்பிப் போயி எனக்கு போன் பண்ணினாரு டெல்வின். உங்க கக்கூஸ்ல பாம்பு இருக்காமேன்னு கேட்டாரு. பங்க்ல தொப்பி போட்ட பெரியவர் சொன்னாராம். நான் சுட்ட பையை மூணு தடவை சாப்பிட்ட அதே பெரியவரு." அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அதான் இவங்களை பங்க் பக்கமே போகவேண்டாம், நேரா முதல் காட்சிமுனைக்கு வந்துடுங்கன்னு சொல்லிட்டேன். விக்கறவ வாயால சொன்னா நம்பமாட்டாங்க. விக்க மனசில்லாதவன் வாயால கேட்டா நம்புவாங்கன்னு தோணுச்சு."

நார்பர்ட் பாவம், சங்கடத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றினார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் எல்லாம் கைமீறிப் போகவில்லை. என் உத்தியோகம் என்னிடம் இருந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன். என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை.

"சார், இப்ப உண்மையைச் சொல்றேன். காலையில இவளுக்காகப் பொய் சொன்னேன். அந்த டம்ளரைக் கீழ வைங்க. தண்ணி விஷம். கிட்னில கல்லு!"

"தொண்ணூத்து நாலு வயசுல குதிரை," என்றார் நார்பர்ட், மெதுவாக.

"பாம்பு! கக்கூஸ்ல!"

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் லாரூவைப் பாத்து ஓடிப்போச்சு," என்றாள் மார்னி.

"தூசி கண்ணைத் திறக்கவிடாது!"

"பின்னாடி பாறை இருக்கே. அப்படியே தடுத்துடுமாமே."

"கூரை... கூரை ஒழுகும் சார்!"

மார்னி என் காதைப் பார்த்தாள். நான் கூரையை அதோடு விட்டுவிட்டேன்.

"ஜனங்க! மோசமான ஜனங்க! வெளியாள்னா தண்ணிகூடத் தரமாட்டாங்க..." என்று ஆரம்பித்தேன். என்னால் முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுக்காரி, வாசலில் வெளியூர்க் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு, சுடச்சுட ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "விருந்தாளிங்களா? வாங்க வாங்க!" என்று படியேறிக்கொண்டிருந்தாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். என் நாற்காலியில் நார்பர்ட் இருந்ததால் படியில்தான் உட்கார்ந்தேன்.

எதிர்மலையில் கடைசி வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். லாரூ என் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்து, எனக்கும் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். வலிக்குதா என்று கேட்டேன். வலிக்குது என்றாள். கோபத்திலும் அது எனக்கு ஏதோ ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

நார்பர்ட்டுக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை ரசித்துக் குடித்துவிட்டு, நிஜமான அக்கறையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு நல்ல ஊரை விட்டுட்டு நீங்க ஏன் சார் போறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் லாரூ பதில் சொல்லிவிட்டாள்.

"அவருக்கு இந்த ஊரு தண்ணி ஒத்துக்கலைங்க."